எட்டு மணிக்காரர்

இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்ததைக் கொண்டாட ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்த மனிதரை என் வாழ்க்கையில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். வந்தது எனக்கில்லை, அவருக்கு. கிளினிக்கிலிருந்து வெளியே வந்தவர், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாகனங்களுக்கு நடுவே புகுந்து என்னிடம் ஓடிவந்தார். ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, ஃபேக்டரி பஸ் ஓட்டி ஓட்டி வளர்த்த தொப்பை. அந்த உடம்பு ஓடிவருவதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன்.

“பாஸ், எனக்கு இனிப்புநீர் வந்திருச்சு,” என்றார். வாயெல்லாம் பல்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இருக்கிற சீக்கு போதாதா, இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே எதிர்க் கடைக்குக் கூட்டிப்போனார்.

நாங்கள் இரண்டு பேரும் எச்.ஐ.வி. உள்ளவர்கள். எப்படி வந்தது என்று நான் அவரைக் கேட்டதில்லை, அவரும் என்னைக் கேட்டதில்லை. அது எங்களுக்குள் ஒரு மரியாதை. முன்பெல்லாம் பெரிய மருத்துவமனையின் பின்பக்கம், தலையைக் குனிந்துகொண்டே நுழைகிற ஒரு கட்டடத்தில்தான் எங்களுக்கு மருந்து. பிறகு, உடம்பு நிலையாகிவிட்டவர்களைத் தெப்ராவ் பக்கத்துக் கிளினிக்குக்கு மாற்றினார்கள். ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி, இருமல் என்று ஊர்ச்சனம் எல்லாம் காத்திருக்கிற அதே பெஞ்சு, அதே நம்பர் சீட்டு. தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவேன். அவர் நடுவில் உட்கார்ந்து, வலது பக்கம் இருப்பவரின் முழங்காலையும் இடது பக்கம் இருப்பவரின் கொலஸ்ட்ராலையும் விசாரித்துக்கொண்டிருப்பார்.

எச்.ஐ.வி. என்ற சொல்லை நாங்கள் வாயால் சொல்ல மாட்டோம். ‘பெரியவர்’ என்போம். பெரியவர் எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்பார். அடங்கிக் கிடக்கிறார் என்பேன் நான். ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அன்றைக்குக் கடையில் உட்கார்ந்த பிறகுதான் சந்தோஷத்தின் காரணத்தைச் சொன்னார்.

“இருவது வருசத்துக்கு முந்தி ஒரு டாக்டர் என்கிட்ட, செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு முடிச்சிருங்கன்னு சொன்னாரு பாஸ். அப்ப நான் நாப்பத்தாறு கிலோ. சாகப் போறவனுக்கு இனிப்புநீர் வருமா? இது வயசாகுறவனுக்கு வர்ற சீக்கு லா. நமக்கும் வயசாகுது பாஸ்.”

எனக்கு நாற்பத்தெட்டு. வயதாவதை ஒருவர் இத்தனை ஆசையாகச் சொல்லி அதுவரை கேட்டதில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நானே பார்த்தேன். அந்த வாரக் கடைசியில் பொந்தியானில் அவருடைய சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். சாப்பாடு முடிந்து ஆண்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நம் ஆட்கள் என்ன பேசுவார்கள்? சீக்கைத்தான் பேசுவார்கள். யாருக்கு எத்தனை மாத்திரை, யாருக்கு எந்தக் காலில் புண், எந்த டாக்டர் திட்டுவார், எவர் சிரிப்பார். இருபது வருடமாக அந்த வட்டத்தில் வாயை மூடி உட்கார்ந்திருந்த மனிதர், அன்றைக்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தனக்கு மூன்று மாதச் சீனிச் சராசரி ஏழு புள்ளி எட்டு என்றார். பாகற்காய் ஜூஸை நம்பாதீர்கள், சோற்றைக் குறையுங்கள் என்றார். வெந்தயம் சாப்பிடுகிற ஒருவரோடு வாதாடி ஜெயித்தார். நடுநடுவே என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் மோரைக் குடித்துக்கொண்டு, இந்த மனிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

கிறுக்கு நாளுக்கு நாள் முற்றியது. இடுப்பை டேப்பால் அளந்துவிட்டு டாக்டர் தொப்பையைக் குறைக்கச் சொல்லித் திட்டினார் என்று பெருமையாக வந்து சொன்னார். எலும்பும் தோலுமாக இருந்தவனைப் பார்த்துத் தொப்பை என்று ஒரு டாக்டர் திட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரியவில்லையாம். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நர்ஸ் மெல்லிய தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் குத்திப் பார்த்தபோது, கூச்சம் தாங்காமல் அறை அதிரச் சிரித்தார். வெளியே பெஞ்சில் இருந்த எங்களுக்கே கேட்டது. கண்ணுக்குள்ளே எடுத்த படத்தை மருத்துவப் பணியாளரிடம் கெஞ்சித் தன் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். பேத்தியின் படம் காட்டுகிறவர்கள்கூட அவ்வளவு பாடு படுத்துவதில்லை.

நான் வேறு ரகம். எனக்கு ரத்தக்கொதிப்பு என்று சொன்ன அன்று, கோபத்தில் எல்லா மாத்திரையையும், பெரியவருடையது உட்பட, ஒரு வாரம் நிறுத்திவிட்டேன். ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறவன். கேட்க யார் இருக்கிறார்கள்? அவருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. கதவைத் தட்டி உள்ளே வந்து, திட்டாமல், புத்தி சொல்லாமல், வாழ்த்துகள் என்று கையைக் குலுக்கினார். நானும் இப்போது வயதாகிறவர்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேனாம். சிரிப்பை அடக்க முடியாமல்தான் அன்றைக்கு மாத்திரையை விழுங்கினேன்.

இப்போது ரொட்டி சானாய்க் கடைக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் எல்லாம் அந்த மேசையில்தான் ஆரம்பித்தது.

ரொட்டி வருவதற்குள் அவர் ஒரு காரியம் செய்தார். இனிப்புநீர் மாத்திரைப் பையின் மேல் ஒரு வெள்ளை லேபிள் இருந்தது. இது இனிப்புநீர் மருந்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று மலாயில் அச்சடித்த லேபிள். பையை ஆவி பறக்கிற கோப்பி ஓ, அந்தக் கடுங்காப்பிக் குவளைக்கு மேலே பிடித்தார். பசை இளகியதும் நகத்தால் பதமாக உரித்தார். பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பெரியவருடைய மருந்து பாட்டிலை எடுத்து, அதன் சொந்த லேபிளையும் அதே மாதிரி உரித்து, அந்த இடத்தில் இனிப்புநீர் லேபிளை ஒட்டினார். கட்டை விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டுத் தூக்கிக் காட்டினார். உரித்தெடுத்த நிஜ லேபிளை ஹெல்மெட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்டார். நாளைக்கு எங்காவது அடிபட்டு விழுந்தால் ஆஸ்பத்திரிக்காரனுக்கு என்ன மருந்து என்று தெரிய வேண்டும் அல்லவா என்றார்.

நானும் கை தட்டினேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காள் வீட்டில்தான் இருந்தார். அக்காளின் கணவரை அத்தான் என்பார். நானும் அப்படியே சொல்கிறேன். அத்தான் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் வீட்டில் சாப்பிடும்போது நானே நிமிர்ந்துதான் உட்காருவேன். அத்தானுக்குத் தெரிந்தால் தன் பெட்டி ரோட்டில் கிடக்கும் என்று இவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சாவதற்குக்கூட அவர் அப்படிப் பயந்ததில்லை. அந்தப் பயத்தில் பாட்டிலை இருபது வருடமும் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலும் பஸ்ஸின் டூல்ஸ் பெட்டியிலும் ஒளித்து ஒளித்து, பெட்ரோல் நிலையக் கழிப்பறையில் குழாய்த் தண்ணீரோடு விழுங்கியிருக்கிறார். இப்போது அந்தப் பாட்டில் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், எல்லோர் கண் முன்னாலும் நின்றது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து, தன் வீட்டுத் தண்ணீரில், தன் டம்ளரில் விழுங்கினார். நிஜமான இனிப்புநீர் மாத்திரை அட்டை அவர் சட்டைப் பையில் இருந்தது.

ஒன்பது மாதம் அப்படிப் போனது.

கிளினிக்கில் மருந்து வாங்கும்போது மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள். அவர் பாட்டிலைக் கொண்டுபோக மாட்டார். மிச்சத்தை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் கொட்டி எடுத்துவருவார். புதிதாக வாங்கியதை வீட்டில் அந்தப் பழைய பாட்டிலிலேயே போட்டுக்கொள்வார். அன்று மருந்துக் கவுண்டரில் இருந்த சீன அம்மாள் எண்ணினார், மறுபடியும் எண்ணினார். பதினான்கு இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு போடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். கீழே கொட்டிவிட்டதா? இல்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்ததை அன்றுதான் முதல் முறை பார்த்தேன்.

“அத்தான் சாப்பிட்டுருக்காரு, பாஸ்,” என்றார், மிக மெதுவாக.

அத்தானுக்கும் இனிப்புநீர். கிளினிக்குக்குப் போய்க் காத்திருப்பது அவருக்கு வேப்பங்காய். மருந்து தீர்ந்தால் தீர்ந்ததுதான். பக்கத்து வீட்டில் ஒன்று, அண்ணன் வீட்டில் இரண்டு என்று வாங்கிப் போட்டுக்கொள்வார். அதொன்றும் புதுமையில்லை, நம் வீடுகளில் சீனி கடன் வாங்குகிற மாதிரிதான் இனிப்புநீர் மாத்திரையும் கைமாறும். போன வாரம் அக்காள், உனக்குச் சீனி ஏறவே மாட்டேன் என்கிறதே, பாட்டில் மருந்து நல்ல மருந்து போலிருக்கிறது என்று சொன்னாராம். இவரும் ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினாராம்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அத்தானின் சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருந்தது. டாக்டரிடம் ஓடினோம். மலாய்க்கார அம்மா, நிதானமானவர். பதினோரு மாத்திரையால் பெரிய ஆபத்து வராமல் இருக்கலாம், ஆனால் இந்தச் சிறுநீரகத்தோடு யூகிக்க முடியாது, உடனே ரத்தம் பார்க்க வேண்டும், அதோடு இத்தனை நாளும் அவர் இனிப்புநீருக்கு மருந்தே போடவில்லை என்று அர்த்தம் என்றார். பார்க்கிற டாக்டருக்கு அவர் எதைச் சாப்பிட்டார் என்று தெரிந்தாக வேண்டும். வீட்டில் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் நான்தான் வழி சொன்னேன். கொலஸ்ட்ரால் மாத்திரை என்று சொல்லிவிடுங்கள், டாக்டரிடம் நாம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். நல்ல யோசனை என்றே இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது, அதுதான் என் கோளாறு.

அவர் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, உள்ளே வியர்வையில் மங்கிப்போயிருந்த லேபிளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஒரு பொய்ய ஒட்டி வச்சதாலதான் அவரு சாப்பிட்டாரு. அது மேலயே இன்னொண்ண ஒட்டச் சொல்றீங்களா, பாஸ்?”

அன்று மாலையே அவரோடு போனேன். அக்காள் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அத்தான் சோபாவில் செய்தித்தாளோடு இருந்தார். இவர் உட்காரவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து அத்தான் முன்னால் வைத்து, இது இனிப்புநீர் மருந்தில்லை என்று ஆரம்பித்தார். எச்.ஐ.வி. என்ற சொல்லை அன்றைக்குத்தான் அவர் வாயால் கேட்டேன். தடுமாறாமல் சொன்னார். இருபது வருடமாக இருக்கிறது என்றார். ஒட்டாது, டாக்டரே உங்களிடம் சொல்வார் என்றார். லேபிளை மாற்றியது தான்தான் என்றார். அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். எனக்கும் அதேதான் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்தார். “எத்தன சாப்புட்டேன்?” என்று கேட்டார்.

“பதினொண்ணு, அத்தான்.”

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை தன் மச்சானான இவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்து கிளினிக்குக்குப் போனார். டாக்டரோடு அரை மணி நேரம் தனியாக இருந்தார். சிறுநீரகம் முன்பிருந்த அளவிலேயே இருந்தது, மாத்திரையால் சேதமில்லை. சீனிதான் எங்கேயோ ஏறிப் போயிருந்தது. அவருக்கென்று கிளினிக் அட்டை போட்டு, மருந்து கொடுத்து அனுப்பினார்கள். போகும்போதும் வரும்போதும் அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வாரம் அந்த மௌனம் நீடித்தது. பெட்டியை யாரும் ரோட்டில் போடவில்லை. சோறு அதே தட்டில் வந்தது. ஆனால் அத்தான் பேசவில்லை, பாட்டிலும் மேசைக்குத் திரும்பவில்லை. இவர் அதைத் தன் அறையில் வைத்துக்கொண்டு, வாடகைக்கு அறை தேடத் தொடங்கினார். கிளினிக் பெஞ்சில் என்னைப் போலவே சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அப்படி ஒரு நாள் உட்கார்ந்தாரே, அதை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் வாயை மூட வைக்க எத்தனையோ தடவை ஆசைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு, இவர் யாருடைய முழங்காலையாவது விசாரிக்க மாட்டாரா என்று ஏங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு என் தொலைபேசி அடித்தது. அவர்தான். மூச்சு வாங்கியது. பஸ்ஸை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பேசுவதாகச் சொன்னார். பின்னால் ஃபேக்டரிப் பெண்கள் சத்தம் போடுவது கேட்டது. நடந்ததை அவர் மூன்று முறை சொன்னார். அன்று காலை ஷிப்டுக்குத் தாமதமாகி, மாத்திரையை மறந்துவிட்டு வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தாராம். உள்ளிருந்து அத்தான் குரல் கேட்டதாம்.

“மச்சான், எட்டாச்சு.”

அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் சாப்பாட்டு மேசையில் இரண்டு பாட்டில். இவருடையதை அறையிலிருந்து அத்தானே எடுத்து வந்து வைத்திருந்தார். அதில் இனிப்புநீர் லேபிள் இல்லை. சுரண்டியெடுத்துவிட்டு, மார்க்கர் பேனாவால் ‘மச்சான், காலை 8’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். தன்னுடைய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து இன்னொரு பாட்டிலில் போட்டு, ‘நான், காலை, ராத்திரி’ என்று எழுதியிருந்தார்.

“எட்டாச்சுன்னு சொன்னாரு பாஸ். அவரு வாயால,” என்றார். அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை. நான் சத்தமாகச் சிரித்தேன். ஸ்டோரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன்.

மறுநாள் காலையிலிருந்து எனக்குத் தொல்லை ஆரம்பித்தது. சரியாக எட்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். “பாஸ், எட்டாச்சு.” அவ்வளவுதான், வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டார். நான் மாதா கோயிலில் பூசைக்கு நிற்கும்போது அடித்து மானத்தை வாங்கியிருக்கிறார். சலித்துக்கொண்டேன், திட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு நான் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. பெஞ்சில் அவர் பழையபடி நடுவில் உட்கார்ந்தார். இப்போது அவருக்குப் பக்கத்தில் அத்தானும் உட்கார்ந்திருப்பார், எதுவும் பேசாமல், நம்பர் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

நான்கு வருடம் கழித்து அவர் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பெரியவரால் இல்லை, ஐம்பத்தாறு வயது மனிதர்கள் பலருக்கும் வருகிற, யார் கேட்டாலும் சத்தமாகச் சொல்லக்கூடிய மாரடைப்பு. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தான் வாசலில் நின்று, ஹார்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இருந்து கேட்டிருந்தால் அதற்கும் ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அவர் இருந்த வரையில் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. மாத்திரை பாட்டில் அலமாரியில், மைலோ டின்னுக்குப் பின்னால் இருந்தது. இனி எதற்கு என்ற பழைய கோபம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. திரையில் அவர் பெயர். எடுத்துக் காதில் வைத்தேன். தொண்டையைச் செருமுகிற சத்தம்.

“அவன் போன்ல ஒங்க பேர ‘எட்டு மணி பாஸ்’னு போட்டு வச்சிருக்கான்,” என்றார் அத்தான். “எட்டாச்சு, தம்பி.”